குறைந்த விலை, குறி தப்பாத வேட்டைத் துப்பாக்கி: தேர்ந்தெடுத்ததும் திருத்தியதும்

நூறு மீட்டரில் குத்திவைத்த தாளை எடுத்து வந்து அளவுகோலை வைத்தபோது, ஐந்து துளைகளில் மிகத் தள்ளி நின்ற இரண்டின் மையங்களுக்கு இடையே 92 மில்லிமீட்டர் இருந்தது. குறைந்த விலையில் நன்றாகச் சுடக்கூடிய வேட்டைத் துப்பாக்கி ஒன்றைத் தேடி மூன்று மாதம் விசாரித்து, ஒருவர் சிறிது காலமே பயன்படுத்திவிட்டு விற்ற .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான, ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற பூட்டுத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றை வாங்கி, முதல் நாள் சுட்டுப் பார்த்ததற்குக் கிடைத்த விடை அதுதான். அதே துப்பாக்கி, அதே குழல், அதே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஆகியவற்றை வைத்துக்கொண்டே, பத்துத் தோட்டாக்களும் 40 மில்லிமீட்டருக்குள் விழும் நிலைக்கு அதைக் கொண்டுவர ஏழு வாரம் ஆனது. அந்த வேலையையும், அதற்கு முன் செய்த தேர்வையும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். குறைந்த விலைத் துப்பாக்கியில் குறி சிதறுவதற்குப் பெரும்பாலும் குழல் காரணமல்ல, குழலைச் சுற்றியுள்ள இணைப்புகளே காரணம் என்பது இந்த ஏழு வாரத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

வாங்குவதற்கு முன் நான் முதலில் தீர்த்துக்கொண்ட கேள்வி, எவ்வளவு துல்லியம் தேவை என்பது. துப்பாக்கிக்காரர்கள் துல்லியத்தைக் கோண நிமிடத்தில் சொல்வார்கள். ஒரு கோண நிமிடம் என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு; அது 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர், 200 மீட்டரில் 58 மில்லிமீட்டர். மான் அளவுள்ள விலங்கின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியை 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாகக் கணக்கிடுவது வேட்டைக்காரர்களிடையே நெடுநாள் வழக்கம். ஒன்றரைக் கோண நிமிடத்துக்குள் சுடும் துப்பாக்கி 200 மீட்டரில் 87 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் தோட்டாவை வைக்கும். அதாவது அந்த 20 சென்டிமீட்டரில் பாதிக்கும் குறைவான இடத்தைத்தான் துப்பாக்கி தன் பிழைக்காக எடுத்துக்கொள்கிறது, மீதி இடம் காற்றுக்கும், தொலைவைத் தவறாகக் கணித்ததற்கும், சுடுபவரின் கை நடுக்கத்துக்கும் மிஞ்சுகிறது. அரைக் கோண நிமிடத் துப்பாக்கிக்குப் பலமடங்கு விலை கொடுத்தாலும் என் கை நடுக்கம் அதனால் குறைந்துவிடப் போவதில்லை. எனவே, பத்துத் தோட்டா சுட்டாலும் ஒன்றரைக் கோண நிமிடம், அதாவது 100 மீட்டரில் 44 மில்லிமீட்டர் என்பதையே இலக்காக எழுதி வைத்தேன்.

இந்த அளவுக்குக் குறைந்த விலைத் துப்பாக்கி எட்டுமா என்ற ஐயம் பழைய தலைமுறையினருக்கு இருந்ததில் நியாயம் உண்டு. ஆனால் இன்று அந்த ஐயத்துக்கு இடமில்லை. 1958-இல் நிக்கலஸ் புரூவர் வடிவமைத்த சாவேஜ் 110 ரைஃபிளில், தோட்டா அறையில் அளவுக் கட்டையை வைத்துக் குழலைச் சரியான ஆழம் வரை திருகி, பிறகு ஒரு பெரிய நட்டால் அதைப் பூட்டிவிடும் ஏற்பாடு இருந்தது. தேர்ந்த கைவினைஞர் ஒருவர் நெடுநேரம் தேய்த்துப் பொருத்த வேண்டிய அளவை, அந்த நட்டு சில நிமிட வேலையாக்கியது. விலை குறைந்ததும் பொருத்தம் கூர்மையானதும் ஒரே காரணத்தால் நிகழ்ந்த அருமையான எடுத்துக்காட்டு அது. கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரங்களும், குண்டைச் சுழல வைக்கும் உட்புறத் திருகுவரிகளான குழலின் புரியை உள்ளச்சின்மேல் சுத்தியலால் அடித்தே உருவாக்கும் முறையும் பரவிய பிறகு, நல்ல குழல் என்பது விலையுயர்ந்த துப்பாக்கிகளுக்கு மட்டும் உரியதாக இல்லாமல் போய்விட்டது. ரூகர் அமெரிக்கன் ரைஃபிளில் துப்பாக்கியைத் தாங்கும் கட்டைக்குள் பதித்த எஃகுத் தாங்கிகளில் ரிசீவர், அதாவது குழல் பொருந்தி போல்ட் இயங்கும் உலோகக் கூடு, சாய்ந்து அமர்கிறது. பின்லாந்தில் சாகோ நிறுவனம் தயாரித்த டிக்கா டி3 எல்லாத் தோட்டாக்களுக்கும் ஒரே நீள ரிசீவரை வைத்துச் செலவைக் குறைத்தது. ஜப்பானின் ஹோவா 1500-இல் பின்னுதையைத் தாங்கும் முளை ரிசீவரோடு ஒரே உலோகமாக அமைந்திருக்கிறது. ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் பணத்தை மிச்சப்படுத்தினாலும், குழலில் யாரும் கை வைப்பதில்லை. கட்டை, மேகசின், மேற்பூச்சு, விசை (ட்ரிகர்) ஆகியவற்றில்தான் சிக்கனம் தெரியும். அவற்றில் கட்டையையும் விசையையும் வாங்கிய பின் திருத்த முடியும் என்பதை நினைவில் வைத்துத்தான் நான் தேடினேன்.

தோட்டா வகையைத் தேர்ந்தெடுப்பதில் நான் அதிக நேரம் செலவிடவில்லை. .308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதற்குத் தோட்டா செய்கிறார்கள், பின்னுதை தாங்கக்கூடியது, குழல் தேயவும் நெடுங்காலம் ஆகும். 2007-இல் ஹார்னடி வெளியிட்ட 6.5 கிரீட்மோர் இன்னும் மென்மையாக உதைக்கும், தொலைவில் காற்றுக்கும் குறைவாக விலகும்; அதை எடுத்திருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். சிறிய மானுக்கு மட்டும் என்றால் .243 வின்செஸ்டரே போதும். அருகில் எது தடையின்றிக் கிடைக்கிறதோ, எதை அதிகம் வாங்கிப் பயிற்சி செய்ய முடியுமோ அதை எடுப்பதே நல்லது; ஆண்டுக்கு இருபது தோட்டா மட்டுமே சுட முடிகிற வகையை வாங்கிவிட்டுத் துல்லியத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

பழைய துப்பாக்கியை வாங்கும் முன் பார்த்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். போல்ட்டைக் கழற்றிவிட்டு, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பார்த்தேன். புரியின் விளிம்புகள் முனை வரை கூர்மையாகத் தெரிந்தன. குழலின் வாய்முனையில் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே மெல்ல இழுத்துச் சுற்றிலும் பார்த்தேன். அங்கே சிறு பிசிறு இருந்தாலும் பஞ்சின் இழை அதில் சிக்கிவிடும், சிக்கவில்லை. குண்டு குழலை விட்டு விலகும் கணத்தில் கடைசியாகத் தொடும் விளிம்பு அது என்பதால், வேறெந்தக் கீறலையும் மன்னித்தாலும் அங்கே உள்ள கீறலை நான் மன்னிப்பதில்லை. போல்ட் முளைகள் இரண்டிலும் தேய்மானம் ஒரே அளவாக இருந்தது. துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்துத் தோட்டா அறையின் அளவைச் சோதிக்கச் செய்தேன்; அது சரி என்றார். ஸ்கோப் பொருத்துத் தகட்டின் திருகுத் தலைகளில் மட்டும் யாரோ தவறான முனையால் திருகிய வடுக்கள் இருந்தன. அதைப் பார்த்துவிட்டும் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டேன். பின்னால் வந்த சிக்கலில் பாதி அங்கேதான் இருந்தது.

முதல் நாள் சோதனையை முறையாகவே செய்தேன். உறுதியான மேசை, முன்கட்டைக்குக் கீழே ஒரு மணல் பை, பின்கட்டைக்குக் கீழே ஒரு சிறிய பை, ஒவ்வொரு தோட்டாவுக்கும் இடையே மூன்று நிமிட இடைவெளி. வேட்டைத் துப்பாக்கியின் மெல்லிய குழல் விரைவில் சூடேறும் என்பதால் அந்த இடைவெளியை விடாமல் கடைப்பிடித்தேன். காதுக்குள் அடைப்பான், அதன்மேல் காதுறை, கண்ணுக்குக் கண்ணாடி. இந்த வகைத் துப்பாக்கியின் ஓசை 140 டெசிபெலைத் தாண்டுவதால், ஒரே ஒரு முறை காப்பின்றிக் கேட்டாலும் செவி நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். அந்த 92 மில்லிமீட்டர் தாளில் என்னை யோசிக்க வைத்தது அளவைவிடத் துளைகளின் அமைப்பு: அவை வட்டமாகச் சிதறாமல், இரண்டு மேலும் மூன்று கீழுமாகப் பிரிந்து, மொத்தமாக இடமிருந்து வலமாக நீண்டிருந்தன. நல்ல குழல், மோசமான தோட்டா என்றால் சிதறல் பொதுவாக ஒழுங்கற்று வட்டமாகவே இருக்கும். இரண்டு இடங்களாகப் பிரிந்து நிற்பது ஏதோ ஒன்று அசைந்து அசைந்து இரண்டு நிலைகளில் அமர்வதைக் காட்டும். நீண்டு செல்வது குழலை ஏதோ ஒன்று ஒரு பக்கமாகத் தள்ளுவதைக் காட்டும். உடனே வேறு தோட்டா வாங்கிப் பார்க்கலாம் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, மாற்றிய பின் ஐந்து தோட்டாக்கள் கொண்ட இரண்டு கொத்துகளாவது சுட்டுச் சராசரி எடுப்பது என்று முடிவு செய்தேன்.

ஸ்கோப்பையும் வளையங்களையும் கழற்றியபோது முன்பக்கப் பொருத்துத் தகடு கையால் அசைத்தால் அசையவில்லை. திருகுகளும் இறுக்கமாகவே இருந்தன. ஆனால் தகட்டின் முன்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு விட்டபோது, தகட்டுக்கும் ரிசீவருக்கும் இடையே இருந்த மெல்லிய எண்ணெய்க் கோடு வெளியே வந்து மீண்டும் உள்ளே போனது. முடியளவுகூட இல்லாத அந்த அசைவைக் கண்ணால் காணவே முடியாது. எண்ணெயின் மினுமினுப்பு விளிம்பில் ஊர்ந்து வந்ததால்தான் தெரிந்தது. முன்திருகைக் கழற்றிப் பார்த்தால் அதன் நுனி பளபளவென்று தட்டையாகியிருந்தது. அந்தத் தகட்டுக்கு உரிய இரண்டு திருகுகளும் ஒரே நீளமுடையவை அல்ல. முன்னாலுள்ள துளை ரிசீவரைத் துளைத்துக் குழலின் மரையில் போய் முடிவதால் அதற்குக் குட்டைத் திருகு வேண்டும். யாரோ இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தார்கள். நீளத் திருகு தகட்டை இறுக்குவதற்கு முன்பே குழலின் மரையில் முட்டி நின்றுவிட்டது. திருகுபவரின் கைக்கு அது இறுக்கமாகத்தான் தெரிந்திருக்கும், தகடோ காற்றில் நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்கோப் முழுவதும் ஏறி இறங்கி இரண்டு நிலைகளில் ஒன்றில் அமர்ந்திருக்கிறது. தாளில் மேலும் கீழுமாகப் பிரிந்து நின்றது அதனால்தான்.

திருகுகளை இடம் மாற்றி, துளைகளையும் மரைகளையும் எண்ணெய் நீக்கியால் துடைத்து உலரவிட்டு, மிதமான வலுவுடைய நீல மரைப்பூட்டுப் பசையை ஒரு துளி வைத்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் திருப்புளியால் 2.3 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினேன். வளையத் திருகுகளுக்கு 1.9 நியூட்டன் மீட்டர்; அங்கே பசை வைக்கவில்லை. இந்த எண்கள் என்னிடம் இருந்த தகட்டுக்கும் வளையத்துக்கும் தயாரிப்பாளர் தந்தவை. வேறு பொருத்திகளுக்கு அவற்றின் குறிப்பையே பின்பற்ற வேண்டும், ஏனெனில் வளையத்தை அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கி உள்ளே உள்ள சரிசெய்யும் பகுதி சிக்கிக்கொள்ளும். குறுக்குக்கோடு நேராக நிற்கிறதா என்பதை, இருபத்தைந்து மீட்டர் தள்ளித் தொங்கவிட்ட தூக்குநூல் ஒன்றைப் பார்த்துச் சரி செய்தேன். மீண்டும் சுட்டபோது இரு கொத்துகளின் சராசரி 57 மில்லிமீட்டர். மேல் கீழ்ப் பிரிவு மறைந்துவிட்டது. வலப்பக்கமாக நீளும் போக்கு மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்தது கட்டை. குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையே காகிதப் பட்டை ஒன்றைச் செருகி ரிசீவர் வரை இழுத்துப் பார்ப்பது எல்லோரும் அறிந்த சோதனை. வாங்கும்போதே அதைச் செய்திருந்தேன், காகிதம் தடையின்றி ஓடியது. ஆனால் அப்போது துப்பாக்கி என் கையில் இருந்தது. இம்முறை சுடும்போது எப்படி இருக்குமோ அப்படியே மணல் பைமேல் வைத்து, தோளால் அணைத்து, ஸ்கோப்பின் மேல் இடக்கையை வைத்து மெல்ல அழுத்தியபடி நண்பர் ஒருவரைக் காகிதத்தை இழுக்கச் சொன்னேன். முன்கட்டையின் நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் தொலைவில், இடப்பக்கம், காகிதம் பிடித்துக்கொண்டது. கையை எடுத்தால் விட்டது. அழுத்தினால் மீண்டும் பிடித்தது. கண்ணாடி இழை கலந்த நைலான் கட்டை, உள்ளே விலாக்கள் மட்டும் வைத்துக் கூடாக வார்க்கப்பட்டிருந்ததால், துப்பாக்கியின் எடையையே தாங்காமல் வளைந்து குழலின் இடப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. குழல் சூடேற ஏற அந்தத் தொடுகை கூடி, தோட்டாக்கள் ஒவ்வொன்றாக வலப்பக்கம் நகர்ந்தன.

இங்கே இரண்டு வேலை தேவைப்பட்டது. முதலாவது இடைவெளியைப் பெருக்குவது. குழலைவிடச் சற்றுப் பருமனான மர உருளை ஒன்றில் 80 எண் உப்புத்தாளைச் சுற்றி, குழல் பள்ளத்தில் முன்னும் பின்னுமாகத் தேய்த்தேன். ரிசீவர் அமரும் இடத்துக்கு நான்கு விரற்கடை முன்பே நிறுத்திவிட்டேன், அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் துப்பாக்கியின் அமர்வே கெட்டுவிடும். சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வந்ததும் 120 எண் தாளால் மெருகேற்றினேன். ஆனால் இடைவெளி மட்டும் போதாது, கட்டை வளைவதும் நிற்க வேண்டும். அதற்கு விலாக்களுக்கு இடையே உள்ள குழிகளில் நீளவாக்கில் மெல்லிய அலுமினியக் குழாய் ஒன்றைப் பதித்து, எபாக்ஸிப் பசையால் நிரப்பினேன். நைலானில் எபாக்ஸி எளிதில் ஒட்டாது என்பதால், குழிகளின் சுவரை முரடாகச் சுரண்டி, சாய்வாகச் சிறு துளைகள் இட்டு, அவற்றுக்குள் எபாக்ஸி புகுந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும்படி செய்தேன். குழாய் செல்லும் வழியில் விலாக்களைச் சிறு அரத்தால் அரைவட்டமாக வெட்டியதுதான் நேரம் எடுத்த பகுதி. எபாக்ஸி மேலே வழிந்து குழல் பள்ளத்துக்கு வராதிருக்கக் குழியின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழேயே நிறுத்தினேன். இருபத்து நான்கு மணி நேரம் இறுகவிட்ட பிறகு துப்பாக்கியின் எடை 95 கிராம் கூடியிருந்தது. முன்பு இரு கையால் பிடித்தால் குழலைத் தொடும்வரை வளைந்த முன்கட்டை, இப்போது முழு வலுவோடு அழுத்தினாலும் தொடவில்லை. காகிதம் எந்த நிலையிலும் ஓடியது.

கட்டையில் ரிசீவரை இறுதியாக இறுக்குவதற்கு முன், அமர்வு சரியா என்பதையும் சோதித்தேன். காந்த அடியுள்ள டயல் அளவியைக் குழலில் பிடிக்கவைத்து, அதன் முனையை முன்கட்டை நுனியில் தொடவைத்து, ரிசீவரைக் கட்டையோடு இணைக்கும் திருகுகளில் முன்னுள்ளதை இறுக்கிவிட்டு மெல்லத் தளர்த்தும்போது முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பதுதான் முறை. முள் வெகுவாக நகர்ந்தால் ரிசீவர் கட்டையில் சமமாக அமராமல் திருகின் இழுப்பால் வளைகிறது என்று பொருள். அப்போது எபாக்ஸியால் அமர்வு வார்க்க வேண்டும். எனக்கு 0.05 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகர்ந்தது. எனவே அந்த வேலையை விட்டுவிட்டேன். தேவையில்லாத இடத்தில் எபாக்ஸி ஊற்றிவிட்டுப் பின் வருந்துவோர் பலர். முன்திருகை முதலிலும் பின்திருகை அடுத்தும், துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்திப் பின்னுதை முளை பின்னோக்கி அழுந்தியிருக்கும்படி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். சராசரி 42 மில்லிமீட்டருக்கு இறங்கியது. துளைகள் முதல் முறையாக வட்டமாகச் சிதறின.

விசையை இந்த இடத்தில்தான் கவனித்தேன். சுருள்வில் தராசால் அளந்தால் 2.7 கிலோ கிராம் இழுத்த பிறகே விடுபட்டது. தயாரிப்பாளரே வைத்திருந்த சரிசெய்யும் திருகை, அவர் அனுமதித்த எல்லைக்குள், 1.5 கிலோ கிராமுக்குக் கொண்டுவந்தேன். பிறகு காலித் துப்பாக்கியில் விசையை ஏற்றி, பின்கட்டையை ரப்பர் விரிப்பின்மேல் பலமுறை தட்டியும், காப்புப் பூட்டைப் போட்டு எடுத்தும், தானாக விடுபடுகிறதா என்று பார்த்தேன். வில்லை வெட்டுவதையும் விசையின் கொக்கியைத் தேய்ப்பதையும் வீட்டில் யாரும் செய்யவே கூடாது. அதில் நேரும் பிழை தாளில் தெரியாது, உயிரில்தான் தெரியும்.

குழலைத் துடைத்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். செம்புக் கரைப்பானில் நனைத்த துணித்துண்டுகள் முதலில் ஆழ்ந்த நீலமாக வந்தன, பன்னிரண்டாவது துண்டில்தான் வெண்மை தெரிந்தது. வெண்கலத் தூரிகையைப் பயன்படுத்தினால் கரைப்பான் தூரிகையையே கரைத்து நீலம் காட்டி ஏமாற்றும் என்பதால் நைலான் தூரிகையே நல்லது. பூச்சிட்ட ஒற்றைத் தண்டை, வழிகாட்டிக் குழாய் வைத்து, தோட்டா அறைப் பக்கத்திலிருந்து மட்டுமே செலுத்தினேன். துடைத்த குழலின் முதல் தோட்டா மற்றவற்றிலிருந்து 30 மில்லிமீட்டர் விலகி விழுந்ததையும் குறித்துக்கொண்டேன். அதனால் வேட்டைக்குப் போகும் முன் துடைப்பதில்லை, இரண்டு தோட்டாவாவது சுட்டு வைத்த குழலோடுதான் போகிறேன்.

இவ்வளவும் முடிந்த பிறகே வேறு தோட்டாக்களை எடுத்தேன். இந்த இடத்தில் எண்ணிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல துப்பாக்கி என்று பலர் காட்டும் தாள்கள் மூன்று தோட்டாக் கொத்துகள். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா என்றாலும், எத்தனை சுடுகிறோமோ அதற்கேற்பக் கொத்தின் அகலம் கூடும். ஓர் அச்சில் உள்ள சிதறலின் திட்ட விலக்கத்தை (நடுவிலிருந்து துளைகள் பொதுவாக விலகும் அளவை) ஒன்று என்று வைத்துக்கொண்டால், மூன்று தோட்டாக் கொத்தின் அகலம் சராசரியாக 2.4, ஐந்துக்கு 3.1, பத்துக்கு 3.8. எனவே மூன்று தோட்டாக்களில் 25 மில்லிமீட்டர் காட்டும் துப்பாக்கி, பத்துத் தோட்டாக்களில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் காட்டினால் அது எதையும் இழந்துவிடவில்லை. உண்மை இப்போதுதான் தெரிகிறது. இது மட்டுமல்ல, மூன்று தோட்டாக் கொத்து ஒன்று தற்செயலாகவே மிகச் சிறியதாகவோ மிகப் பெரியதாகவோ அமைந்துவிடும் வாய்ப்பு மிக அதிகம். அத்தகைய ஒரே தாளை வைத்துக்கொண்டு ஒரு தோட்டா வகையை ஏற்பதும் தள்ளுவதும் காசைச் சுண்டிப் போட்டு முடிவெடுப்பதற்கு ஒப்பானது.

ஆகவே நான்கு வகைத் தோட்டாக்களை, ஒவ்வொன்றிலும் பத்துத் தோட்டாக் கொத்து இரண்டு வீதம் சுட்டேன். அதுவரை பயன்படுத்தியது 150 கிரெய்ன், அதாவது 9.7 கிராம் எடையுள்ள குண்டு. அதன் சராசரி 53 மில்லிமீட்டர். 165 கிரெய்ன் மென்முனைக் குண்டு 40. 168 கிரெய்ன் போட்டிக் குண்டு 37. 180 கிரெய்ன் 49. தாளை மட்டும் பார்ப்பவர் போட்டிக் குண்டையே எடுப்பார். ஆனால் அந்தக் குண்டு இலக்குத் தாளுக்காகச் செய்யப்பட்டது; விலங்கின் உடலில் நம்பத்தக்க வகையில் விரிந்து விரைவான முடிவைத் தரும் பொறுப்பு அதற்கு இல்லை. மூன்று மில்லிமீட்டருக்காக ஓர் உயிரை வீணே துன்புறுத்தும் தேர்வை நான் செய்ய மாட்டேன். 165 கிரெய்ன் குண்டையே வைத்துக்கொண்டேன். 40 மில்லிமீட்டர் என்பது 1.4 கோண நிமிடம்; எழுதி வைத்த இலக்குக்குள் வந்துவிட்டது. ஈயக் குண்டுக்குத் தடையுள்ள இடங்களில் வேட்டையாடுவோர் செம்புக் குண்டுகளை இதே முறையில் சோதிக்க வேண்டியிருக்கும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதனால் ஒரே எடையில் நீளம் கூடும், நீண்ட குண்டுக்குப் புரியின் முறுக்கு போதுமான வேகத்தில் இருக்க வேண்டும். என் குழலின் புரி பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதால் அந்தச் சிக்கல் எழாது.

குறிநிலையை 100 மீட்டரில் 4 சென்டிமீட்டர் மேலே விழும்படி அமைத்தேன். இந்தத் தோட்டாவில் அப்படி வைத்தால் ஏறத்தாழ 170 மீட்டரில் குறிக்கோட்டின்மேலேயே விழும். 150, 200 ஆகிய இரண்டு தொலைவுகளிலும் நேரில் சுட்டுப் பார்த்ததில், 200 மீட்டரில் 5 சென்டிமீட்டர் கீழே விழுந்தது. அந்தத் தொலைவு வரை எங்கும் குறியை உயர்த்தவோ தாழ்த்தவோ தேவையில்லை. கணக்குத் தாளில் போட்ட எண்ணை நம்பிவிடாமல் சுட்டுப் பார்த்த எண்ணையே பின்கட்டையில் சிறு தாளில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

எல்லாத் திருகுகளின் தலைகளிலும், அவை அமர்ந்த உலோகத்திலும் சேரும்படி, வெள்ளை வண்ணத்தால் மெல்லிய கோடு ஒன்று இழுத்திருக்கிறேன். திருகு இம்மி தளர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். இதுவரை முறியவில்லை.

வேட்டைத் துப்பாக்கி சுட வேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு தோட்டா, அதுவும் குளிர்ந்த குழலிலிருந்து. அதனால் கடைசிச் சோதனையை வேறு விதமாக வைத்தேன். ஒரே தாளை எடுத்துச் சென்று, வெவ்வேறு நாள்களின் காலையில், பயணத்தில் குலுங்கி வந்த துப்பாக்கியைப் பையிலிருந்து எடுத்து, எதையும் சரிசெய்யாமல், முதல் தோட்டாவை மட்டும் அதில் சுட்டுவிட்டுத் தாளை மடித்து வைத்தேன். ஆறு காலைகளுக்குப் பிறகு அந்தத் தாளில் ஆறு துளைகள். மிகத் தள்ளி நின்ற இரண்டின் மையங்களுக்கு இடையே 36 மில்லிமீட்டர். அதே ஆறு நாள்களிலும், அமர்ந்த நிலையில் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, வேறொரு தாளில் இரண்டிரண்டாகச் சுட்ட பன்னிரண்டு தோட்டாக்கள் 138 மில்லிமீட்டருக்குப் பரவியிருந்தன. எனவே துப்பாக்கியைக் கழற்றும் கருவிகளைப் பெட்டியில் வைத்துவிட்டேன். அடுத்த மாதத்துக்கென வாங்கிய தோட்டாக்கள் அனைத்தும் அமர்ந்த நிலைப் பயிற்சிக்குத்தான்.